பெடலின் பசியும் பேட்டரியின் குணமும்

கிட்டார் எஃபெக்ட்ஸ் பெடலுக்கு எந்தப் பேட்டரி ஏற்றது என்ற விவாதம் நெடுங்காலமாகவே நடந்துவருகிறது. மலிவான ஜிங்க்-கார்பன் பேட்டரிதான் பழைய ஃபஸ் பெடலுக்கு உயிர் கொடுக்கிறது என்று ஒரு சாரார் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆல்கலைன் தவிர வேறெதையும் தொடாதவர்கள் இன்னொரு சாரார். பேட்டரியே வேண்டாம், நல்ல அடாப்டர் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். பேட்டரியின் பிராண்டைக் கூடக் காதால் பிரித்தறிபவர் என்று அமெரிக்கக் கிட்டார் கலைஞர் எரிக் ஜான்சனைப் பற்றி நெடுநாளாகப் பேசப்படுகிறது. இந்தக் கருத்துகள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எந்தப் பெடலை மனத்தில் வைத்துப் பேசுகிறோம் என்பதைச் சொல்லாமல் விடுவதால்தான் அவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு பெடல் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது, அதன் சுற்று மின்னழுத்தம் குறைவதை எப்படித் தாங்குகிறது என்ற இரண்டையும் அறிந்துகொண்டால் பேட்டரித் தேர்வு தானே தெளிவாகிவிடும். இதை ஒவ்வொரு கோணத்திலிருந்தும் சரிபார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒன்பது வோல்ட் வந்த வழி

1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாடல் நாஷ்வில் நகரில் பதிவானபோது, ஒலிப்பதிவு மேசையில் பழுதான ஒரு பகுதி பேஸ் கிட்டாரின் நாதத்தைக் கரகரப்பாக்கியது. அந்தக் கரகரப்பை விரும்பியே உண்டாக்க முடியுமா என்று ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி யோசித்தார். அதன் விளைவாக 1962-இல் கிப்சன் நிறுவனம் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ பெடலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை வாசித்த பிறகு உலகமே அந்த ஒலியைத் தேடியது. மூன்று ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட அந்தப் பெடல் இயங்கியது இரண்டு 1.5 வோல்ட் கலங்களில். மொத்தம் வெறும் 3 வோல்ட்.

இன்று நாம் பெடலோடு சேர்த்தே நினைக்கும் 9 வோல்ட் செவ்வகப் பேட்டரி இசைக்காக உருவானதல்ல. அமெரிக்காவின் எவரெடி நிறுவனம் 1956-இல் அதை டிரான்சிஸ்டர் ரேடியோவுக்காகக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அது எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் பொருளாகிவிட்டது. சின்ன டிரான்சிஸ்டர் சுற்று ஒன்றை ஓட்ட எளிதில் கிடைக்கும் மின்மூலம் அதுதான் என்பதால் பெடல் செய்தவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட ‘ஃபஸ் ஃபேஸ்’ 9 வோல்ட்டில் இயங்கியது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் இருந்தது அதுவே. 1970-களின் நடுவில் வந்த முதல் எம்எக்ஸ்ஆர் ‘ஃபேஸ் 90’ பெடல்களில் அடாப்டர் செருகும் துளையே கிடையாது. அன்றைய கலைஞருக்கு இந்த விஷயத்தில் வேறு வழி இருக்கவில்லை. 1977-இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் தன் கச்சிதப் பெடல் வரிசையைத் தொடங்கிய காலத்தில்தான் பேட்டரியும் அடாப்டரும் ஒரே பெட்டியில் இடம்பெறுவது வழக்கமாயிற்று. தேர்வு என்ற பேச்சே அதன் பிறகு வந்ததுதான்.

உறைக்குள் இருப்பது என்ன

வெளியே ஒரே வடிவம், ஒரே கொண்டி. உள்ளே இருக்கும் வேதியியல் முற்றிலும் வேறு. கடையில் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது ஜிங்க்-கார்பன். உறையில் ‘6 எஃப் 22’ என்ற எழுத்து இருந்தால் அது இந்த வகை. தட்டையான ஆறு 1.5 வோல்ட் கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ‘ஹெவி டியூட்டி’ என்று பெரிதாக அச்சிட்டு விற்கப்படுவதும் இதே குடும்பம்தான். பழைய அம்மோனியம் குளோரைடுக்குப் பதிலாக ஜிங்க் குளோரைடு இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்து இதுவே வலுவான பேட்டரி என்று நினைத்துவிடக் கூடாது. கொள்ளளவு சுமார் 400 மில்லி ஆம்பியர்-மணி. உள் மின்தடை அதிகம். புதிய பேட்டரியிலேயே ஏறத்தாழ 35 ஓம். சென்னை ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் குறைந்த விலைக்குக் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இதுதான்.

இரண்டாவது ஆல்கலைன். ‘6 எல்ஆர் 61’ என்ற குறியீடு இதற்குரியது. கொள்ளளவு சுமார் 550 மில்லி ஆம்பியர்-மணி, உள் மின்தடை ஓரிரண்டு ஓம் மட்டுமே. மின்னோட்டம் கூடினாலும் மின்னழுத்தம் அதிகம் தளராது. பல ஆண்டுகள் கிடந்தாலும் சேமித்த மின்சாரத்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

மூன்றாவது, ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம். 3 வோல்ட் கலங்கள் மூன்று சேர்ந்தது. கொள்ளளவு 1200 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டி வரும். எடை குறைவு, விலை அதிகம். கடைசிவரை மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருந்துவிட்டுச் சட்டென்று விழும்.

நான்காவது மறுமின்னேற்றம் செய்யத்தக்கவை. நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வகையில் 1.2 வோல்ட் கலங்கள் ஏழு இருந்தால் 8.4 வோல்ட், ஆறு இருந்தால் 7.2 வோல்ட், எட்டு இருந்தால் 9.6 வோல்ட். மூன்றின் உறையிலும் ‘9 வோல்ட்’ என்றே போட்டிருக்கக்கூடும் என்பதால் சிறிய எழுத்தைப் படித்தே ஆகவேண்டும். கொள்ளளவு பெரும்பாலும் 175 முதல் 300 மில்லி ஆம்பியர்-மணி வரை. யுஎஸ்பி கம்பியில் மின்னேற்றும் லித்தியம்-அயன் வகையும் இப்போது பரவலாகியிருக்கிறது. அதைப் பின்னர் தனியாகப் பார்ப்போம்.

ஒலியில் என்ன மாறுகிறது

விவாதத்தின் மையம் இதுதான். ஜிங்க்-கார்பன் பேட்டரியின் ஒலி இதமானது, ஆல்கலைன் கூர்மையானது என்று சொல்லப்படுவதற்கு அடிப்படை உண்டா?

பேட்டரி ஒரு சுற்றுக்கு இரண்டே வழிகளில் தன்னை உணர்த்த முடியும். ஒன்று, அது கொடுக்கும் மின்னழுத்தம். மற்றொன்று, அதன் உள் மின்தடை. இந்த இரண்டும் சமமாக இருந்தால் உறைக்குள் துத்தநாகம் இருக்கிறதா லித்தியம் இருக்கிறதா என்பது டிரான்சிஸ்டருக்குத் தெரியாது. ஆகவே இந்த இரண்டையும் தனித்தனியாக அளந்து பார்க்கலாம்.

முதலில் உள் மின்தடை. ஜெர்மேனியம் ஃபஸ் ஃபேஸ் இழுக்கும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. 35 ஓம் தடையின் ஊடே ஒரு மில்லி ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.035 வோல்ட், 9 வோல்ட்டில் அரை சதவீதம்கூட இல்லை. அந்தப் பழைய பெடல்களில் உள்ள ரெசிஸ்டர்களே குறித்த மதிப்பிலிருந்து 5 முதல் 10 சதவீதம் வரை விலகக்கூடியவை. மேலும், பல பெடல்களில் மின்வழங்கலின் குறுக்கே 100 மைக்ரோ ஃபாரட் அளவுள்ள கெபாசிட்டர் ஒன்று இருக்கும். 35 ஓம் தடையோடு அது சேர்ந்தால், சுமார் 45 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகளில் பேட்டரியின் தடையைக் கெபாசிட்டரே மறைத்துவிடும். கிட்டாரின் தடித்த ஆறாம் கம்பி எழுப்பும் சுரமே 82 ஹெர்ட்ஸ். எனவே, குறைந்த மின்னோட்டம் இழுக்கும் பெடலில் புதிய ஜிங்க்-கார்பனுக்கும் புதிய ஆல்கலைனுக்கும் உள் மின்தடையால் வரும் வேறுபாடு காதுக்கு எட்டுவது மிக அரிது.

அடுத்து மின்னழுத்தம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஃபஸ் ஃபேஸின் இரண்டாவது டிரான்சிஸ்டரில் மின்னழுத்தம் பாதியளவில், அதாவது 4.5 வோல்ட்டை ஒட்டி நிற்கும்படி அமைப்பது வழக்கம். பேட்டரி 9.5 வோல்ட்டிலிருந்து 7.5 வோல்ட்டுக்கு இறங்கினால் இந்தச் சமநிலை ஐந்தில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். உச்சங்கள் முன்கூட்டியே நசுங்கும், ஒலியளவு குறையும், தொடக்க அடியின் கூர்மை மழுங்கும். இன்னும் இறங்கினால் சுரம் அடங்கும்போது மெல்லத் தேயாமல் பொசுக்கென்று அறுந்து நிற்கும். தீரும் தறுவாயிலுள்ள பேட்டரியைச் சிலர் தேடிப் பிடித்துச் சேர்த்துவைப்பது இந்த ஒலிக்காகத்தான். ஜிங்க்-கார்பன் பேட்டரி சிறிது பயன்பாட்டிலேயே வேகமாகச் சரிந்து, அந்த இடைப்பட்ட மின்னழுத்தத்தில் நீண்ட நேரம் உலவும். அதற்குக் கிடைத்திருக்கும் புகழின் பெரும்பகுதி இந்தச் சரிவுக்கு உரியது. இதமான ஒலி மெய்யானது. அதை உண்டாக்கும் காரணம் குறைந்த மின்னழுத்தம்.

இதைப் பெடல் உலகம் உணர்ந்திருக்கிறது என்பதற்குச் சான்றும் உண்டு. வூடூ லேப் நிறுவனத்தின் ‘பெடல் பவர் 2 பிளஸ்’ மின்வழங்கியில் இரண்டு வாய்களுக்குத் தனியாகத் திருகு வைத்து, 9 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட் வரை இறக்கிக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். தீரும் பேட்டரியின் ஒலி பிடித்திருந்தால், அந்தத் திருகு தினமும் ஒரே மாதிரி அதைத் தரும். பேட்டரி அப்படித் தராது. இன்று இருக்கும் இடத்தில் நாளை இருக்காது.

ஜெர்மேனியம் பெடல் வைத்திருப்பவர் பேட்டரிக்கு முன்பாகக் கவனிக்க வேண்டியது வெப்பம். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரின் கசிவு மின்னோட்டம் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதெல்லாம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. லண்டன் குளிரில் சரியாக அமைத்த பெடல் மே மாதத்துச் சென்னை மேடையில் அதே பேட்டரியோடு வேறு மாதிரி ஒலிக்கும். பேட்டரியை மாற்றி மாற்றிப் பார்த்தும் பிடிபடாத வேறுபாடுகளில் பல இந்த வெப்பத்தால் வருபவை.

எல்லாச் சுற்றும் இவ்வளவு நுட்பமாக எதிர்வினை காட்டுவதில்லை. டியூப் ஸ்க்ரீமர் போன்ற ஓவர்டிரைவில் ஒலியைக் கத்தரிப்பவை டையோடுகள். அவை கத்தரிக்கும் அளவு சுமார் 0.6 வோல்ட், பேட்டரி 9-இல் இருந்தாலும் 8-இல் இருந்தாலும் அந்த அளவு மாறாது. தெளிந்த ஒலி வேண்டிய பூஸ்டர், கம்ப்ரஸர், கோரஸ் பெடல்களில் கதை வேறு. அங்கே மின்னழுத்தம் குறைந்தால் பலத்த அடிகளில் விரும்பாத கரகரப்பு நுழையும்.

பசியின் கணக்கு

பெடல் எவ்வளவு மின்னோட்டம் கேட்கிறது என்பதை அதன் பசி என்று வைத்துக்கொண்டால், தேர்வின் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. கணக்கு எளிது. பேட்டரியின் மில்லி ஆம்பியர்-மணியைப் பெடலின் மில்லி ஆம்பியரால் வகுத்தால் தோராயமான மணிநேரம் வரும்.

ஒரு மில்லி ஆம்பியர் இழுக்கும் பழைய ஃபஸ் அல்லது வா பெடலை ஜிங்க்-கார்பனே நூற்றுக்கணக்கான மணிநேரம் ஓட்டும். பழைய பெடல்களில் விளக்கு இல்லை. இன்றைய பெடலில் ஒளிரும் எல்இடி ஒன்று மட்டுமே இரண்டு முதல் ஐந்து மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். சுற்றைவிட அதன் விளக்கு அதிகம் உண்ணும் ஃபஸ் பெடல்கள் உண்டு. எட்டு மில்லி ஆம்பியரை ஒட்டி இழுக்கும் ஓவர்டிரைவை ஆல்கலைன் அறுபது மணிநேரத்துக்கு மேல் தாங்கும்.

டிஜிட்டல் பெடலுக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. பாஸ் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட டிடி-2 கச்சித டிஜிட்டல் டிலே 50 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்டது. ஜிங்க்-கார்பனின் 35 ஓம் தடையில் 50 மில்லி ஆம்பியர் ஓடினால் இழப்பு 1.75 வோல்ட். புதிய பேட்டரி போட்டவுடனேயே பெடலுக்குக் கிடைப்பது 7.25 வோல்ட்தான். ஆல்கலைன் போட்டாலும் ஒரு நீண்ட ஒத்திகையோடு தீர்ந்துவிடும். ஸ்ட்ரைமன் ‘டைம்லைன்’ போன்றவை 300 மில்லி ஆம்பியர் கேட்பவை. அவற்றில் பேட்டரிக்கு இடமே ஒதுக்கவில்லை. அது சரியான முடிவு.

கிட்டாருக்குள்ளேயே பேட்டரி வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஈஎம்ஜி 81 பிக்கப் இழுப்பது 0.08 மில்லி ஆம்பியர். ஒரு பேட்டரி 3000 மணிநேரம் வரும் என்று நிறுவனமே சொல்கிறது. பிக்கப் பொருத்திய அக்கூஸ்டிக் கிட்டாரின் ப்ரீஆம்பும் குறைந்த பசிக்காரர்தான். ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடக்கும் என்பதால் இங்கே கொள்ளளவைவிடக் கசியாத தரமே முக்கியம். விலை பார்க்காமல் நல்ல ஆல்கலைன் அல்லது லித்தியம் போடவேண்டிய இடம் இது.

பேட்டரியா, அடாப்டரா

அடாப்டரோடு ஒப்பிடுகையில் பேட்டரிக்கு மறுக்க முடியாத ஒரு சிறப்பு உண்டு. அது மின்கம்பியிலிருந்து முற்றிலும் விலகி நிற்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் திருத்திப் பெறும் மலிவான அடாப்டரில் எஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அலை, ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலாக ஃபஸ் பெடலில் பெருகும். ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலி போட்டு ஐந்தாறு பெடல்களுக்கு மின்சாரம் கொடுக்கும்போது டிஜிட்டல் பெடலின் கீச்சொலி அனலாக் பெடலுக்குள் நுழைவதும் உண்டு. தனித்தனியே பிரிக்கப்பட்ட வாய்கள் கொண்ட நல்ல மின்வழங்கி இதைத் தீர்க்கும். வாய் ஒவ்வொன்றும் ஒரு பேட்டரியைப் போலத் தனித்து நிற்பதே அதன் தத்துவம்.

பழைய வகை ஜெர்மேனியம் ஃபஸ்ஸுக்குப் பேட்டரி சிறந்தது என்பதற்கு ஒலியைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. பிஎன்பி டிரான்சிஸ்டர் கொண்ட ஃபஸ் ஃபேஸில் பூமி இணைப்பு நேர்முனையில் இருக்கிறது. மற்ற பெடல்களிலோ எதிர்முனையில். இரண்டையும் ஒரே சங்கிலி அடாப்டரில் இணைத்தால் கிட்டார் கேபிளின் உறை வழியாகவே குறுக்குச்சுற்று ஏற்படும். அப்படிப்பட்ட பெடலுக்கு ஒரு பேட்டரியைப் போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் முளைப்பதே இல்லை. பசியும் குறைவு என்பதால் செலவும் சொற்பம்.

அடாப்டர் பக்கம் போகிறவர்கள் மூன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்: மின்னழுத்தம், முனைமை, மின்னோட்டத் திறன். நடுமுள் எதிர்முனை என்பது பெரும்பாலான பெடல்களின் வழக்கம்; விலக்குகள் உண்டு. அடாப்டரின் மில்லி ஆம்பியர் திறன் பெடலின் தேவையைவிடக் கூடுதலாக இருப்பதால் கேடில்லை, ஏனெனில் பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். மின்னழுத்தம் கூடினால் கேடு உண்டு. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 18 வோல்ட் கொடுத்தால் ஒலி விரியும் என்பது சில பெடல்களுக்கு உண்மை. ஆனால் 16 வோல்ட் வரையே தாங்கும் கெபாசிட்டர் உள்ளே இருந்தால் அது பழுதாகும். தயாரிப்பாளர் 18 வோல்ட்டை அனுமதிக்கிறார் என்று தெரிந்த பெடலில் மட்டும் இதைச் செய்யலாம்.

மறுமின்னேற்றம்: நிறையும் குறையும்

வாரம் பல நிகழ்ச்சிகள் வாசிப்பவருக்கு ஒருமுறைப் பேட்டரி பணத்துக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு. 8.4 வோல்ட் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பெரும்பாலான ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் பெடல்களுக்கு ஒத்துப்போகும். 7.2 வோல்ட் வகையைத் தவிர்ப்பது நல்லது; ஆரம்பமே தாழ்வாக இருக்கும். 9.6 வோல்ட் வகை, மின்னேற்றி முடித்தவுடன் 11 வோல்ட்டை எட்டக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். பழைய வகை நிக்கல் பேட்டரிகள் சும்மா இருந்தாலே மாதந்தோறும் கணிசமாகத் தேயும். நிகழ்ச்சிக்கு முந்தின இரவு மின்னேற்றுவதை வழக்கமாக்கிக்கொள்பவருக்கே இவை உதவும்.

யுஎஸ்பி வழி மின்னேற்றும் லித்தியம்-அயன் பேட்டரியில் இரண்டு வகை உண்டு. இரு கலங்களை நேரடியாகத் தொடராக இணைத்து 7.4 வோல்ட் தருவது ஒன்று. குறைந்த மின்னழுத்தத்தை உள்ளேயே ஒரு மாற்றிச் சுற்று மூலம் 9 வோல்ட்டாக உயர்த்தித் தருவது மற்றொன்று. பின்னதில் அந்தச் சுற்றின் வேகமான துடிப்பு சில பெடல்களில் கீச்சொலியாகக் கேட்கிறது. உயர்ந்த பெருக்கம் கொண்ட ஃபஸ்ஸில்தான் இது அதிகம். மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் வாங்கி, பெருக்கத்தை முழுதாகத் திருகி, கம்பிகளை மீட்டாமல் காது கொடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

வாங்குவதும் காப்பதும்

எந்தப் பேட்டரியானாலும் உறையில் உள்ள காலாவதி தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். ஜிங்க்-கார்பன் கடை அலமாரியிலேயே சோர்ந்துபோகும். மல்டிமீட்டரை வெறுமனே முனைகளில் வைத்துப் பார்த்தால் தீர்ந்துகொண்டிருக்கும் பேட்டரிகூட 9 வோல்ட் என்று காட்டக்கூடும். ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றை முனைகளுக்குக் குறுக்கே வைத்தால் 9 மில்லி ஆம்பியர் ஓடும். அந்த நிலையில் அளந்த எண்ணே நம்பத்தக்கது.

பெரும்பாலான பெடல்களில் கேபிளை உள்ளீட்டுத் துளையில் செருகியதும் பேட்டரி இணைந்துவிடும். காலால் மிதிக்கும் சுவிட்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. விளக்கு அணைந்திருந்தாலும் கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டேதான் இருக்கும். வாசித்து முடித்ததும் உள்ளீட்டுக் கேபிளை உருவுவது எந்த விலையுயர்ந்த பேட்டரியையும்விட அதிகம் மிச்சப்படுத்தும் பழக்கம். மாதக்கணக்கில் தொடாத பெடலிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கசிந்த ஆல்கலைன் காரத்தன்மை கொண்டது. கையுறை அணிந்து, வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து உலர்த்தலாம். இரண்டு முனைகளும் ஒரே பக்கம் இருப்பதால், மாற்றுப் பேட்டரியை நாணயங்களோடும் சாவிகளோடும் பையில் போடுவது தீ விபத்துக்கு வழி. முனைகளை டேப் ஒட்டி மூடுவது அவசியம். இந்தியாவில் 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சிறிய பேட்டரிகளையும் உள்ளடக்கியவை. தீர்ந்தவற்றைக் குப்பையில் எறியாமல் சேர்த்துவைத்துச் சேகரிப்பு மையத்தில் கொடுப்பது கலைஞரின் கடமையும்கூட.

தொகுத்துச் சொன்னால்

ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் இழுக்கும் ஜெர்மேனியம் ஃபஸ்ஸுக்கு ஜிங்க்-கார்பன் தாராளமாகப் போதும். மாதமொருமுறை மின்னழுத்தம் பார்த்தால் சரி. ஓவர்டிரைவ், கோரஸ், கம்ப்ரஸர் ஆகியவற்றுக்கு ஆல்கலைன், அடிக்கடி வாசிப்பவருக்கு 8.4 வோல்ட் மறுமின்னேற்ற வகை. கிட்டாருக்குள் நெடுநாள் கிடப்பதற்குக் கசியாத ஆல்கலைன் அல்லது லித்தியம். முப்பது மில்லி ஆம்பியரைத் தாண்டும் எதற்கும் பிரித்த வாய்கள் கொண்ட மின்வழங்கி. இதுவே என் பரிந்துரை.

இந்தத் தேர்வை எளிதாக்கும் பொறுப்பு பெடல் செய்பவர்களுக்கும் இருக்கிறது. எத்தனை மில்லி ஆம்பியர், எத்தனை வோல்ட் வரை தாங்கும், பூமி எந்த முனையில் என்ற மூன்று விவரங்களையும் பெடலின் அடிப்பலகையிலேயே அச்சிட வேண்டும். அந்த மூன்றும் கையிலிருந்தால், புதிதாகக் கிட்டார் பழகும் மாணவர்கூடக் கேள்விப்பட்ட பெருமைகளை நம்பிப் பணத்தைக் கரைக்காமல், தன் பெடலுக்கு வேண்டியதைக் கடையில் நின்றபடியே கணக்கிட்டு வாங்கிவிடுவார்.